மேற்கு ஹட்சன் விரிகுடாவின் பனிக்கரடிகள்: நீண்டுகொண்டே போகும் பட்டினி குறித்த நிகழ்வு ஆய்வு

கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையை ஒட்டி வாழும் பனிக்கரடிகள் 1987இல் ஏறத்தாழ 1,200 இருந்தன. 2021இல் விமானத்திலிருந்து நடத்தப்பட்ட கணக்கெடுப்பு அவற்றின் எண்ணிக்கையை 618 என மதிப்பிட்டது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி இல்லாமல் போயிருக்கிறது. இந்தக் காலத்தில் இப்பகுதியில் எண்ணெய்க் கசிவோ கொள்ளை நோயோ பெரும் வேட்டையோ நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான்: விரிகுடாவின் கடல்பனி வசந்தத்தில் முன்னதாக உடையவும் இலையுதிர் காலத்தில் தாமதமாக உறையவும் தொடங்கியது.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருகிறது. அதன் பாதிப்பு கலைமான், வால்ரஸ், கடற்பறவை, சீல் என்று எல்லா உயிர்களிலும் தெரிகிறது என்றாலும், மேற்கு ஹட்சன் விரிகுடாவின் கரடிகளைப் போல இவ்வளவு நீண்ட காலமாக, ஒவ்வொரு விலங்காகப் பிடித்து நிறுத்துப் பதிவுசெய்யப்பட்ட இனம் ஆர்க்டிக்கில் அரிது. அந்தப் பதிவுகள் சொல்லும் முக்கியமான செய்தி, அழிவு எந்த வரிசையில் வருகிறது என்பது. முதலில் தாய்க்கரடிகளின் எடை குறைந்தது. பிறகு குட்டிகள் குறைந்தன. அதற்குப் பின்னரே மொத்த எண்ணிக்கை குறைந்தது. ஒரு காட்டுயிரின் நலத்தை எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் எத்தனை ஆண்டுகளை இழப்போம் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

விரிகுடாவும் அதன் பருவங்களும்

ஹட்சன் விரிகுடா குளிர்காலத்தில் முழுவதுமாக உறைந்து, கோடையில் முழுவதுமாக உருகிவிடும் உள்நாட்டுக் கடல். நடு ஆர்க்டிக்கில் கோடையிலும் கொஞ்சம் பனி எஞ்சியிருக்கும். கரடிகள் அதைப் பின்தொடர்ந்து வடக்கே போகலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. பனி போய்விட்டால் கரடிகள் அனைத்தும் கரையேறியே ஆக வேண்டும். மனிடோபா மாகாணத்தின் சர்ச்சில் என்னும் சிற்றூர் ஏறத்தாழ 58.8 பாகை வடக்கில், அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது. பனிக்கரடிகள் வாழும் பரப்பின் தென்கோடிகளில் ஒன்று என்பதால், வெப்பம் சற்றே கூடினாலும் அதன் விளைவு முதலில் தெரிவது இங்கேதான்.

விரிகுடாவின் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து, எஞ்சிய பனித்திட்டுகளைத் தென்மேற்குக் கரைப் பக்கமாகத் தள்ளிக் கொண்டுவருகின்றன. கரடிகளும் கடைசிப் பனியோடு அங்கே வந்து இறங்குகின்றன. நவம்பரில் வடமேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், ஆற்றின் நன்னீர் கலக்கும் சர்ச்சில் முகத்துவாரத்தை ஒட்டிய கடல் முதலில் உறைகிறது. கரடிகள் அந்த முனைகளில் கூடிக் காத்திருந்து, தங்களைத் தாங்கும் அளவுக்குப் பனி பிடித்ததும் கடலுக்குள் நடந்துவிடுகின்றன. கோடை முழுவதும் ஒரே கரையில் தங்குவதாலும், காத்திருக்கும் இடம் ஆண்டுதோறும் மாறாததாலும், ஆய்வாளர்களால் இவற்றைத் தவறாமல் கண்டுபிடிக்க முடிந்தது.

1970களின் பிற்பகுதியில் இக்கரடிகள் ஏறத்தாழ நான்கு மாதம் கரையில் கழித்தன. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகவே விரிகுடாவின் மேற்குப் பகுதியில் பனி உடைவதாகக் காட்டியது. இலையுதிர் காலத் தாமதத்தையும் சேர்த்தால், இன்றைய கரடிகள் 1980களின் கரடிகளைவிட மூன்று நான்கு வாரம் கூடுதலாகக் கரையில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு இது ஏறியும் இறங்கியும் வரும்; சில ஆண்டுகளில் பனி நெடுநாள் நிற்கும். ஆனால் போக்கு ஒரே திசையில்தான் இருக்கிறது.

ஏன் வசந்தகாலம்?

மூன்று வாரம் என்பது ஆண்டின் எந்தப் பகுதியிலிருந்து பறிபோகிறது என்பதே இங்கு முக்கியம். அது கரடியின் அறுவடைக் காலத்திலிருந்து போகிறது.

வளையச் சீல் பனிக்கரடியின் முதன்மையான இரை. குளிர்காலம் முழுவதும் அந்தச் சீல் தன் முன்துடுப்பின் நகங்களால் பனியைச் சுரண்டிச் சுரண்டி மூச்சுத் துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். அத்தகைய ஒரு துளைக்கு மேலே காற்று குவித்த பனிமேட்டில் ஒரு சிறு அறையைக் குடைந்து, மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் அதில் ஒற்றைக் குட்டியை ஈனும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் பனிமேடு. கரடியோ காற்றுக்கு எதிர்த்திசையில் மோப்பம் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்து, மேட்டின் அருகே அசையாமல் நின்று, பிறகு பின்னங்கால்களில் எழுந்து தன் முழு எடையையும் முன்னங்கால்களில் இறக்கிக் கூரையை உடைக்கும். பெரும்பாலும் ஒரே அடியில் கூரை உடைவதில்லை; இரண்டாவது, மூன்றாவது அடிக்குள் தாய்ச் சீல் துளை வழியே நீருக்குள் போய்விடும். பல முயற்சிகளில் ஒன்றுதான் பலிக்கும். ஏறத்தாழ ஆறு வாரம் பால் குடித்து வளர்ந்த சீல் குட்டியின் உடலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு; அது அனுபவமற்றது, எளிதில் அகப்படும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான இந்தக் காலத்தில்தான் பனிக்கரடி தன் ஓராண்டுத் தேவையின் பெரும்பகுதியைத் தின்று சேர்க்கிறது. இரை மலிந்திருக்கும்போது தோலையும் கொழுப்பையும் மட்டும் தின்றுவிட்டு இறைச்சியை விட்டுவிடும். அந்த மிச்சத்தை நம்பி ஆர்க்டிக் நரிகளும் கடற்காகங்களும் பின்தொடரும்.

பனி உடைவது ஜூலையிலிருந்து ஜூனுக்கு நகரும்போது, சீல் குட்டிகள் கொழுத்து, தாயைப் பிரிந்து, பனியின் மேல் படுத்துக் கிடக்கும் மிகச் சிறந்த வேட்டை நாட்கள் பறிபோகின்றன. அதே நேரத்தில் கரையில் கழிக்கும் பட்டினி நாட்கள் கூடுகின்றன. வரவு குறைந்து செலவு கூடும் இந்த இரட்டை அடியைக் கவனிக்காதவர்கள்தான், "ஓரிரு வாரத்தால் இவ்வளவு பெரிய விலங்குக்கு என்ன வந்துவிடும்?" என்று கேட்கிறார்கள்.

பதிவுகள் உருவான விதம்

கனடிய வனவுயிர் சேவையைச் சேர்ந்த இயன் ஸ்டெர்லிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் தொடங்கிவைத்த களப்பணியை ஆண்ட்ரூ டெரோச்சர், நிக் லன் முதலிய ஆய்வாளர்கள் தொடர்ந்தார்கள். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், கரடிகள் கரையில் இருக்கும்போது, ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசியைச் சுட்டு அவற்றைப் படுக்க வைப்பார்கள். கரடி அசைவிழந்ததும் வேலை வேகமாக நடக்கும். வறண்டு போகாமலிருக்கக் கண்ணில் களிம்பு இடுவார்கள். இதற்கு முன் பிடிபட்ட கரடிதானா என்று அறியக் காதின் வில்லையையும், மேலுதட்டின் உட்புறம் பச்சை குத்திய எண்ணையும் பார்ப்பார்கள். புதிய கரடியாக இருந்தால், பயன்பாடில்லாத சிறு முன்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவார்கள். அதன் வேரில் ஆண்டுக்கு ஒன்றாகப் படியும் அடுக்குகளை எண்ணி வயதைக் கணிக்கலாம். உடல் நீளத்தையும் மார்புச் சுற்றளவையும் அளந்து, முக்காலியில் தொங்கும் வலையில் உடலைத் தூக்கி நிறுப்பார்கள். பிட்டத்திலிருந்து எடுக்கும் துளிக் கொழுப்பு, அது எந்தச் சீலைத் தின்று வாழ்கிறது என்பதைச் சொல்லும். தாய் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் குட்டிகள் விலகிப் போகாமல் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அவற்றையும் நிறுத்துப் பதிவார்கள்.

இப்படி ஒரே கரடியைப் பல ஆண்டு இடைவெளிகளில் திரும்பத் திரும்பப் பிடித்ததால்தான், இவள் ஐந்து வயதில் இவ்வளவு எடை, ஒன்பது வயதில் இரண்டு குட்டிகள், அவற்றில் ஒன்று பிழைக்கவில்லை என்று ஒரு விலங்கின் வாழ்க்கையையே எழுத முடிந்தது. ஒரு செயற்கைக்கோள் படம் பனி எப்போது உடைந்தது என்று சொல்லும். அந்த ஆண்டு எந்தத் தாய் எத்தனை கிலோ இழந்தாள் என்று அதனால் சொல்ல முடியாது. இந்தக் களப்பணியை நான் இந்த ஆய்வின் அச்சாணியாகக் கருதுகிறேன். காலநிலை மாற்றம் பனிக்கரடிகளை எப்படிப் பாதிக்கக்கூடும் என்று ஸ்டெர்லிங்கும் டெரோச்சரும் 1993இலேயே எழுத முடிந்ததற்கு இதுவே அடிப்படை. அப்போது எண்ணிக்கையில் எந்தச் சரிவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை.

எடையிலிருந்து குட்டிக்கு

1980இல், தனித்துத் திரிந்த, சூலுற்றிருக்கக்கூடும் என்று கருதப்பட்ட வளர்ந்த பெண் கரடிகளின் சராசரி எடை ஏறத்தாழ 295 கிலோ. 2004இல் அது ஏறத்தாழ 230 கிலோவாகக் குறைந்திருந்தது. இந்த எண்களின் அருகில் இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும்: இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் கீழே இருந்த எந்தப் பெண் கரடியும் அடுத்த வசந்தத்தில் குட்டியுடன் காணப்பட்டதில்லை. சராசரி அந்த எல்லையை இன்னும் தொடவில்லை. ஆனால் சராசரி கீழே இறங்கும்போது எல்லைக்குக் கீழே விழும் தனிக்கரடிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடும்.

இதற்குக் காரணம் கரடியின் உடலியல். வசந்தத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை; இலையுதிர் காலம் வரை வளராமல் காத்திருக்கும். அதற்குள் தாய் போதிய கொழுப்பைச் சேர்த்திருந்தால் கரு பதியும். சேர்த்திருக்காவிட்டால் அந்த ஆண்டு குட்டி இல்லை. மற்றக் கரடிகள் நவம்பரில் பனிக்குத் திரும்பும்போது, சூலுற்ற பெண் கரடி கரையிலேயே தங்கி, குகைக்குள் ஏறத்தாழ அறுநூறு கிராம் எடையுள்ள குட்டிகளை ஈன்று, பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் வரை பால் கொடுத்து, அதன் பிறகே அவற்றைக் கடலுக்கு அழைத்துப் போகும். ஏறத்தாழ எட்டு மாதம் அவள் வாயில் உணவு படுவதில்லை. குட்டிகளை வளர்க்கும் அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அவ்வளவும் முந்தைய வசந்தத்தில் தின்ற சீல்களிலிருந்து வந்தது. ஜூன் மாதத்தில் பனி எவ்வளவு நாள் நின்றது என்பது, அடுத்த மார்ச்சில் எத்தனை குட்டிகள் உயிரோடு குகையைவிட்டு வெளியே வரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பேட்டர் மோல்னாரும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கணக்கீடு இதை எண்களில் சொன்னது. 1990களின் தொடக்கத்தில், ஆற்றல் போதாமையால் குட்டி ஈனத் தவறிய சூல்கரடிகள் 28 விழுக்காடு. அந்தக் காலத்தைவிடப் பனி ஒரு மாதம் முன்னதாக உடைந்தால் அது 40 முதல் 73 விழுக்காடாக உயரும். இரண்டு மாதம் முன்னதாக உடைந்தால் 55 முதல் 100 விழுக்காடு வரை போகும். ஆண் கரடிகளைப் பற்றியும் அதே குழு கணித்திருக்கிறது: பட்டினிக் காலம் 120 நாளாக இருந்தபோது வளர்ந்த ஆண் கரடிகளில் 2 அல்லது 3 விழுக்காடு இறக்கக்கூடும், 180 நாளானால் 9 முதல் 21 விழுக்காடு இறக்கக்கூடும்.

குட்டிகளின் வாழ்க்கையிலும் இந்த மாற்றம் தெரிந்தது. மற்றப் பகுதிகளில் பனிக்கரடிக் குட்டி ஏறத்தாழ இரண்டரை வயதுவரை தாயோடு இருக்கும். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் ஒரு காலத்தில் கணிசமான குட்டிகள் ஒன்றரை வயதிலேயே தாயைப் பிரிந்து தாமாக வேட்டையாடின; ஓர் ஈற்றில் மூன்று குட்டிகள் பிறப்பதும் இங்கே அப்போது அவ்வளவு அரிதாக இருக்கவில்லை. அந்த வளமான நிலைமைக்கு அடையாளமாக இருந்த இரண்டும் படிப்படியாக மறைந்தன. லூயிஸ் ஆர்ச்சரும் மோல்னாரும் பிற ஆய்வாளர்களும் 2025இல் வெளியிட்ட ஆய்வு, 1979 முதல் 2021 வரையிலான பதிவுகளைத் தனிக்கரடி ஒவ்வொன்றின் ஆற்றல் வரவு செலவோடு இணைத்துப் பார்த்தது. முப்பத்தேழு ஆண்டுகளில் வளர்ந்த பெண் கரடிகளின் எடை 39 கிலோவும், ஒரு வயதுக் குட்டிகளின் எடை 26 கிலோவும் குறைந்திருந்தன. ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் சராசரி எண்ணிக்கை 11 விழுக்காடு குறைந்திருந்தது. தாய்கள் குட்டிகளைக் கூடுதல் காலம் தம்மோடு வைத்திருந்தன. வேட்டை நாட்கள் குறைந்ததால் பால் குறைந்தது. பால் குறைந்ததால் குட்டி முதல் பட்டினியைத் தாங்கவில்லை என்ற காரணத் தொடர் அந்த ஆய்வில் முழுமையாக நிறுவப்பட்டது.

கடைசியாக வந்த எண்

எண்ணிக்கை விழத் தொடங்கியது உறுதியானது 2007இல்தான். எரிக் ரேகரும் பிறரும் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் பிடித்துச் சேர்த்த பதிவுகளைப் பகுத்து, 1987இல் 1,194 ஆக இருந்த கரடிகள் 2004இல் 935 ஆகக் குறைந்ததாகக் காட்டினார்கள். பனி முன்னதாக உடைந்த ஆண்டுகளில் குட்டிகள், இளங்கரடிகள், முதிய கரடிகள் ஆகியவற்றின் பிழைப்பு விகிதம் குறைந்தது. நல்ல வயதில் இருந்தவற்றின் விகிதம் மாறவில்லை. எண்ணிக்கை ஏன் தாமதமாக அசைகிறது என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஒரு விலங்கில், நடுவயதினர் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும்வரை மொத்தக் கணக்கு பெரிதாகக் குறையாது. அவர்களுக்குப் பின் வர வேண்டியவர்கள் வராமல் போனது பல ஆண்டுகள் கழித்தே தெரியும்.

2016இல் 842, 2021இல் 618 என்று வான்வழிக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து இறக்கத்தைக் காட்டின. ஐந்தே ஆண்டில் 27 விழுக்காடு. வளர்ந்த பெண் கரடிகளும் இளங்கரடிகளும் குறைந்தது இதில் மிகவும் கவலைக்குரிய செய்தி, ஏனென்றால் ஓர் இனத்தின் மீட்சி அவற்றின் கையில் இருக்கிறது.

கரையில் உணவு கிடைக்காதா?

கரையேறிய கரடிகள் சும்மா இருப்பதில்லை. பெர்ரிப் பழம், புல், கடற்பாசி, பறவை முட்டை, செத்த மான் என்று எது கிடைத்தாலும் தின்னும். இவற்றை உண்டு அவை தரை வாழ்க்கைக்குப் பழகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அந்த நம்பிக்கையை ஆந்தனி பகானோவின் தலைமையில் நடந்த, 2024இல் வெளியான ஆய்வு நேரடியாகச் சோதித்தது. 2019 முதல் 2022 வரை இப்பகுதியின் இருபது கரடிகளின் கழுத்தில் ஒளிப்படக்கருவி பொருத்திய பட்டையைக் கட்டி, ஏறத்தாழ மூன்று வாரம் அவை என்ன செய்தன, எவ்வளவு ஆற்றல் செலவிட்டன என்று அளந்தார்கள்.

சில கரடிகள் அசையாமல் படுத்துக் கிடந்து ஆற்றலை மிச்சப்படுத்தின. சில நாள் முழுவதும் நடந்து பழமும் புல்லும் மேய்ந்தன. மூன்று கரடிகள் நெடுந்தூரம் நீந்தின, அவற்றில் ஒன்று 175 கிலோமீட்டர். இரண்டு கரடிகள் கடலில் மிதந்த விலங்குச் சடலத்தைக் கண்டுபிடித்தும், நிற்பதற்குப் பனி இல்லாததால் நீரில் மிதந்துகொண்டே அதைச் சரியாகத் தின்ன முடியவில்லை. இறுதியில் இருபதில் பத்தொன்பது கரடிகள் நாளுக்கு 0.4 முதல் 1.7 கிலோ வரை எடை இழந்தன. கடல் விலங்கின் சடலம் ஒன்றைக் கரையில் பெற்ற ஒரே ஒரு கரடி 32 கிலோ கூடியது. தேடித் தின்ற கரடிகளுக்கு உணவில் கிடைத்த ஆற்றல், தேடியதிலேயே கரைந்துவிட்டது. படுத்திருந்தாலும் நடந்தாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். பட்டினியைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டென்றால் அது சீலின் கொழுப்பு மட்டுமே என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

எழுப்பப்படும் ஐயங்கள்

இந்த நிகழ்வைப் பற்றி நேர்மையாக எழுப்பப்படும் ஐயங்கள் சில உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டு எழுதுவது முறையல்ல. 2021இன் மதிப்பீட்டில் பிழை எல்லை அகலமானது: 385 முதல் 852 வரை. அதே ஆண்டு பக்கத்துக் கரடிக் குழுவான தெற்கு ஹட்சன் விரிகுடாவின் எண்ணிக்கை 780இலிருந்து 1,119ஆக உயர்ந்திருந்தது. ஒரு பகுதிக் கரடிகள் எல்லை தாண்டித் தெற்கே போய் இறங்கியிருக்கலாம் என்பதைக் கணக்கெடுத்தவர்களே கூறியிருக்கிறார்கள். எனவே கடைசி ஐந்தாண்டின் 27 விழுக்காடு முழுவதையும் இறப்பாகக் கொள்வது சரியாகாது. ஆனால் இடப்பெயர்ச்சி ஒரு கரடியின் எடையைக் குறைக்காது. ஈற்றின் குட்டி எண்ணிக்கையையும் குறைக்காது. நாற்பதாண்டுச் சரிவுக்கு அது விடையாகாது.

வேட்டையும் ஒரு காரணம்தானே என்பது அடுத்த கேள்வி. கனடாவின் வட ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் பூர்வகுடி இனுயிட் மக்களுக்கு ஒதுக்கீட்டின் அடிப்படையில் வேட்டை உரிமை உண்டு. மனிடோபாவில் வேட்டை இல்லை. முன்பு தாங்கக்கூடியதாக இருந்த வேட்டை அளவு, இயற்கைப் பிழைப்பு குறைந்த பிறகு தாங்க முடியாததாக மாறியிருக்கலாம் என்று 2007ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அதன் பின் ஒதுக்கீடு பெரிதும் குறைக்கப்பட்டது. ஆர்வியாட் போன்ற கடலோர ஊர்களின் மூத்தவர்களோ கரடிகள் முன்பைவிட அதிகமாகத் தென்படுவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பார்ப்பது உண்மை. கரையில் கூடுதல் நாட்கள் இருக்கும் பசித்த கரடி ஊருக்குள் வரும் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. அந்த மக்களின் அன்றாடப் பாதுகாப்பைக் கணக்கில் எடுக்காமல் தொலைவிலிருந்து விதிக்கப்படும் எந்தத் தடையும் நியாயமற்றது என்பது என் கருத்து.

எல்லாப் பனிக்கரடிகளும் இந்த நிலையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உள்ள சுக்சி கடலின் கரடிகள், பனி குறைந்தும் நல்ல உடல்நிலையில் இருப்பது பதிவாகியிருக்கிறது. அந்த ஆழமற்ற கடல் மிக வளமானது. கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் இடையில் உள்ள கேன் படுகையில், பல ஆண்டுகள் உருகாமல் நின்ற தடித்த பழம்பனி மெலிந்து, ஆண்டுதோறும் உறைந்து உருகும் ஆண்டுப்பனியாக மாறியதால் சீல்கள் பெருகி, கரடிகள் கொழுத்திருக்கின்றன. இது தற்காலிகமான நன்மை என்றே அதைக் கண்டறிந்தவர்களும் கூறுகிறார்கள். ஹட்சன் விரிகுடா எப்போதுமே ஆண்டுப்பனியை மட்டும் நம்பிய இடம் என்பதால், இங்கே அந்த இடைக்கால நன்மைக்கும் வழியில்லை.

கரடியோடு சேர்ந்தவை

பனி குறைவதன் விளைவு ஓர் இனத்தோடு நிற்கவில்லை. சீலின் பனியறைக்கு ஆழமான பனிப்பொழிவு வேண்டும். மேற்கு விரிகுடாவில் வசந்தகாலப் பனியின் ஆழம் குறைந்த ஆண்டுகளில் குட்டிச் சீல்கள் குறைவாகவே பிழைத்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. முன்கூட்டியே மழை பெய்தால் அறையின் கூரை இற்று விழுந்து குட்டி குளிருக்கும் நரிக்கும் ஆளாகிறது. விரிகுடாவின் வடக்கே கோட்ஸ் தீவின் செங்குத்துப் பாறைகளில் கூட்டமாக முட்டையிடும், தடித்த அலகுடைய மர் என்னும் கடற்பறவை முன்பு தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஆர்க்டிக் காட் மீனைக் கொண்டுவந்தது; 1990களின் நடுப்பகுதி முதல் தெற்கத்திய கேப்லின் மீன் அந்த இடத்தைப் பிடித்தது. வெப்பமான நாட்களில், முட்டையைவிட்டு நகராமல் அடைகாக்கும் அந்தப் பறவைகள் கொசுக்கடியும் வெக்கையும் சேர்ந்து கூட்டிலேயே இறந்து விழுவதைத் டோனி காஸ்டன் என்னும் ஆய்வாளரின் குழு பதிவுசெய்தது. பனி மறைந்த நீரில் திமிங்கில வேட்டைக்காரரான ஓர்க்கா முன்பைவிட அதிகமாக நுழைகிறது. முன்னதாகக் கரையேறும் கரடிகளோ, விரிகுடாவின் வடபகுதித் தீவுகளில் ஈடர் வாத்துகளின் கூடுகளை ஒன்றுவிடாமல் காலி செய்கின்றன. பறவைக்குப் பேரிழப்பான அந்த முட்டைகள் கரடியின் பசிக்குப் போதுமானவையும் அல்ல.

சூல்கரடிகள் பயன்படுத்தும் குகைகளும் ஆபத்தில் இருக்கின்றன. இங்கே கரடிகள் குகைகளைப் பனியில் குடைவதில்லை. கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே, வபுஸ்க் தேசியப் பூங்காவின் ஏரிக்கரை மேடுகளில், மக்கிய தாவர மண்ணுக்கு அடியில் உறைந்து கிடக்கும் நிலத்தைத் தோண்டி அமைக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட குகைகள் அவை. அடிநிலம் உருகினாலோ காட்டுத்தீ மேலுள்ள மரங்களை எரித்தாலோ கூரை சரிந்துவிடுகிறது. அதன் பிறகு கரடிகள் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுகின்றன.

ஊரும் சட்டமும்

ஏறத்தாழ 870 பேர் வாழும் சர்ச்சிலில் 1980களின் தொடக்கம் முதல் மாகாண அரசின் எச்சரிக்கைக் குழு இயங்குகிறது. ஊருக்குள் வரும் கரடியைச் சுடுவதற்கு மாறாக ஓசையெழுப்பி விரட்டுவது, விலகாவிட்டால் பொறியில் பிடித்துத் தனிக் கொட்டடியில் அடைத்துவைத்து, பனி பிடித்ததும் விடுவிப்பது அல்லது ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று தொலைவில் விடுவது என்பது நடைமுறை. ஊரோடு உணவைத் தொடர்புபடுத்திக் கொள்ளக் கூடாது என்பதற்காகக் கொட்டடியில் தண்ணீரும் பனியும் மட்டுமே தருவார்கள். திறந்தவெளிக் குப்பைமேடு மூடப்பட்டதும் பெரிதும் உதவியது. கரடிகளோடு வாழ்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி குறைவு. ஆனால் இந்த ஏற்பாட்டால் ஒரு கரடிக்கும் ஒரு நாள் பனியைக் கூடுதலாகத் தர முடியாது.

சட்டங்களுக்கும் அதே எல்லைதான். கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் ஒன்றியம், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் 1973இல் ஆஸ்லோவில் செய்துகொண்ட ஒப்பந்தம் கட்டுப்பாடற்ற வேட்டையிலிருந்து பனிக்கரடியைக் காப்பாற்றியது. அச்சுறுத்தல் வேட்டையிலிருந்து வெப்பத்துக்கு மாறியபோது அந்தக் கருவி போதவில்லை. அமெரிக்கா 2008இல் தன் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் இந்த இனத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று அறிவித்தாலும், பசுமை இல்ல வாயுக்களைக் கட்டுப்படுத்த அந்தச் சட்டம் பயன்படாது என்று சிறப்பு விதி ஒன்றையும் உடன் சேர்த்தது. நோயின் காரணத்தைத் தொடாத இந்த விதியை நியாயப்படுத்த எனக்கு எந்த வாதமும் கிடைக்கவில்லை. 2015இல் ஐந்து நாடுகளும் ஏற்ற செயல்திட்டம் காலநிலை மாற்றமே முதன்மை அச்சுறுத்தல் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. உமிழ்வைக் குறைக்கும் கடமையை அது எவர் மீதும் சுமத்தவில்லை.

உமிழ்வு கட்டுப்படாமல் உயர்ந்தால், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வட கோடியின் சில குழுக்களைத் தவிர மற்ற இடங்களில் குட்டிகள் பிழைப்பது அரிதாகிவிடும் என்று மோல்னார் குழுவின் 2020ஆம் ஆண்டுக் கணிப்பு சொல்கிறது. உலக வெப்பநிலை உயர்வு 2 பாகை செல்சியஸை ஒட்டிப் போனால் ஹட்சன் விரிகுடாவின் பனியற்ற காலமே கரடிகள் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டக்கூடும். இன்னொரு பக்கம், ஸ்டீவன் ஆம்ஸ்ட்ரப்பும் பிறரும் 2010இல் காட்டியபடி, கோடைப் பனியின் இழப்பு வெப்பநிலையோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் செல்கிறது. ஒரு கட்டத்தைத் தாண்டினால் மீட்க முடியாமல் சரிந்துவிடும் தன்மை அதற்கு இல்லை. தவிர்க்கப்படும் ஒவ்வொரு பகுதிப் பாகைக்கும் சில நாள் பனி எஞ்சும் என்பதே இதன் பொருள்.

உலகின் பனிக்கரடிகள் இருபது குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 26,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. ரஷ்யாவின் லாப்டேவ் கடல், நடு ஆர்க்டிக் படுகை போன்ற இடங்களில் எத்தனை கரடிகள் உள்ளன என்பதற்கு நம்பத்தக்க கணக்கே இல்லை. அங்கே முதல் கணக்கெடுப்பு நடந்து, இரண்டாவது கணக்கெடுப்பு சரிவைக் காட்டும்வரை காத்திருப்பதைவிட, தாய்க்கரடியின் எடையையும் ஈற்றில் உள்ள குட்டிகளையும் ஒரு வயதுக் குட்டிகளின் பிழைப்பையும் இப்போதே பதிவுசெய்யத் தொடங்குவது அவசரமான வேலை. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் அந்தப் பதிவுகள், எண்ணிக்கை சொல்வதற்குப் பத்தாண்டுக்கும் மேலாக முன்னதாகவே ஆபத்தைச் சொல்லிவிட்டன.